பதினாறு அடி மணல்

ஜெபராணி ஹாலந்துக்குப் படிக்கப் போனபோது, அவர் திரும்பி வரமாட்டார் என்று எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் சொன்னோம். நானும்தான் சொன்னேன். 1991-ல் நடந்தது அது. பாளையங்கோட்டையில் இருந்த குடிநீர்த் திட்ட அலுவலகம் எங்களுடையது. நான் அங்கே வரைவாளன். பொறியாளர்கள் கணக்கிட்டுக் கொடுப்பதை அளவு மாறாமல் காகிதத்தில் வரைவது என் வேலை. ஊர் கல்லிடைக்குறிச்சி. பெயர் நாராயணன் என்றாலும் நாணு என்று சொன்னால்தான் எல்லோருக்கும் தெரியும். ஜெபராணி உதவிப் பொறியாளர், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். உதவித்தொகையோடு இரண்டு வருஷப் படிப்பு அவருக்குக் கிடைத்திருந்தது. எங்கள் அலுவலகத்திலிருந்து அதற்கு முன் அப்படிப் போன இரண்டு பேரும் அப்படியே வேறு வேறு நாடுகளில் தங்கிவிட்டார்கள். அதைத் தப்பு என்று யாரும் நினைக்கவில்லை.

ஜெபராணி 1993 செப்டம்பரில் திரும்பி வந்தார். விடுப்பு இன்னும் ஒரு மாதம் பாக்கியிருந்தும் மறுநாளே அலுவலகம் வந்து உட்கார்ந்தார். ஹாலந்திலேயே வேலை தருகிறேன் என்று அவருடைய பேராசிரியர் சொன்னதும், இவர் வேண்டாம் என்றதும் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பைத்தியக்காரத்தனம் என்று டீக்கடையில் பேசிக்கொண்டோம்.

அவருடைய ஊர் எலீம்புரம். திசையன்விளைக்குப் போகிற வழியில், தேரி என்கிற செம்மணல் மேட்டை ஒட்டி இருக்கிற சின்ன ஊர். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஊரை உண்டாக்கிய வெள்ளைக்காரப் பாதிரியார், பைபிளில் வருகிற, ஊற்றுகள் நிறைந்த இடத்தின் பெயரை அதற்கு வைத்துவிட்டுப் போனார். ஊற்று ஒன்றுகூட அங்கே கிடையாது. பனை இருந்தது. அவர் கட்டிய கோயிலுக்குப் பின்னால் ஒரு கிணறு இருந்தது, அதன் தண்ணீரில் பருப்பு வேகாது. குடிக்கிற தண்ணீர் வேண்டுமென்றால் போக மூன்று மைல், வர மூன்று மைல்.

ஜெபராணியின் அப்பா பாக்கியசீலன் அந்த ஊர்த் தொடக்கப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். இரண்டு பெண்கள். அம்மாவுக்கு இழுப்பு வியாதி. தண்ணீருக்குப் போக வீட்டில் ஆள் இல்லை என்று மூத்தவள் சாரம்மாளை ஏழாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள், வாத்தியார் வீட்டிலேயே. சின்னவள் படித்தாள், பொறியியல் கல்லூரிவரை போனாள், கடல் தாண்டியும் போனாள். அக்கா நடந்த நடையில்தான் தான் படித்ததாக ஜெபராணி என்னிடம் ஒரு தடவை சொன்னார். அதைச் சொல்லிவிட்டு உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

ஹாலந்தில் அவர் படித்தது தண்ணீரைப் பற்றி. குறிப்பாக, மணலும் தண்ணீரும் சேர்ந்து என்ன செய்கின்றன என்பதைப் பற்றி. அங்கே கடற்கரையோரம் மைல் கணக்கில் மணல்மேடுகள் உண்டாம். ஆற்றுத் தண்ணீரை அந்த மேடுகளுக்குள் விட்டு, மாதக்கணக்கில் மணலுக்குள்ளேயே ஊறவைத்து, அந்தப் பக்கம் எடுத்துக் குடிப்பார்களாம். மணலுக்கு வேலி போட்டுக் காவல் வைத்திருக்கிறார்கள். இவர் ஒரு நாள் தெரியாமல் பாதையை விட்டு நான்கு அடி விலகி நடந்ததற்குக் காவலாளி ஒருவர் சத்தம் போட்டாராம். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். தனக்குச் சிரிப்பு வரவில்லை, நம் ஊர் நினைப்பு வந்துவிட்டது என்றார்.

அப்போது எலீம்புரத்தையும் சேர்த்துப் பதினோரு ஊர்களுக்கு ஆழ்துளைக் கிணறு போடுவதாக ஒரு திட்டம் எங்கள் அலுவலகத்தில் கிடந்தது. போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஜெபராணி அதைத் தூக்கி ஓரத்தில் வைத்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினார். பாளையங்கோட்டைக்குக் கிழக்கே மருதந்துறையில் தாமிரபரணி அகலமாக விரிந்து ஓடும். கரை நெடுக மருதமரம், நடுவில் வெள்ளை மணல். அந்த மணலுக்குள் கான்கிரீட்டில் ஒரு பெரிய வட்டக் கிணற்றை இறக்குவது. கிணற்றின் அடியிலிருந்து, சக்கரத்தின் ஆரங்களைப் போல, துளையிட்ட குழாய்களை நாலா பக்கமும் மணலுக்குள் செலுத்துவது. மேலே ஓடுகிற தண்ணீர் மணல் வழியாகப் பைய இறங்கி, சுத்தமாகிக் குழாய்க்குள் வந்து சேரும். அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குக் குழாய் பதித்து ஊர்களுக்குக் கொண்டுபோவது. தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட வேண்டியதில்லை. மணல்தான் நிலையம்.

மேலதிகாரிகளை ஒப்புக்கொள்ளவைக்க ஒன்றரை வருஷம் ஆனது. 1995 கோடையில் வேலை ஆரம்பித்தது. சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தொப்பியோடு ஜெபராணி ஆற்றுக்குள்ளேயே நின்றார். நான் நாற்பத்திரண்டு தாள் வரைந்தேன். அதில் ஏழாவது தாள்தான் கிணற்றின் குறுக்குவெட்டு. குழாய்களுக்கு மேல் பதினாறு அடி நான்கு அங்குலம் மணல் என்று அதில் என் கையால் எழுதினேன். அதற்குக் குறைந்தால் தண்ணீர் சுத்தமாகாது என்று ஜெபராணி அந்த எண்ணுக்கு அடியில் இரண்டு கோடு போடச் சொன்னார். ஆற்று மட்டத்துக்கு மேலே தெரிந்த கிணற்றுச் சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து, நீல எழுத்தில் திட்டத்தின் பெயரை எழுதி வேலையை முடித்தோம்.

1996 ஜூனில் எலீம்புரத்துக்குத் தண்ணீர் வந்தது. நானும் போயிருந்தேன், சர்க்கரைப் பொங்கல் பரிமாறியது நான்தான். ஊரே கோயில் வாசலில் குழாயடியில் நின்றது. பாக்கியசீலன் ஜெபம் பண்ணினார். சாரம்மாள் முன்னால் வந்து, உள்ளங்கையில் பிடித்துக் குடித்துப் பார்த்தார். கறுத்து மெலிந்த உடம்பு, உச்சந்தலையில் சும்மாடு வைத்து வைத்து முடி கொட்டியிருந்தது. ஒரு பாத்திரத்தில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். எங்கே போகிறார் என்று கேட்டதற்கு, பருப்பு வேகுதா என்று பார்க்கப் போகிறாள் என்றார் ஜெபராணி. அன்றைக்கு அவர் சிரித்தது போல அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

அடுத்த வருஷம் ஆவுடைநாயகம் மணல் குத்தகை எடுத்தார். அந்த வட்டாரத்தில் செல்வாக்கான மனிதர். கிணற்றிலிருந்து அரை மைல் தள்ளி, மூன்றடி ஆழத்துக்குள், ஆட்களை வைத்து மண்வெட்டியால் அள்ளலாம் என்பது அனுமதி. ஆற்றுக்குள் இறங்கியவை இயந்திரங்கள். மூன்றடி என்பது இருபதடி ஆனது. அரை மைல் என்பது மாதத்துக்கு மாதம் குறுகியது. கேரளாவுக்குப் போகிற லாரிகள் மருதந்துறைப் பாதையில் வரிசைகட்டி நின்றன. மணலிலிருந்து தண்ணீர் வழிந்து ரோடே சேறாகக் கிடந்தது.

ஜெபராணி நேரே ஆற்றுக்குப் போனார். ஜீப்பில் நானும் இருந்தேன். ஆவுடைநாயகம் மரியாதையாகத்தான் பேசினார், இளநீர் வெட்டச் சொன்னார்.

"யம்மா, ஆத்து மணல் எங்கயும் போயிராது. இந்தக் கார்த்திகைக்கு ஒரு வெள்ளம் வந்தா கொண்டாந்து தட்டிரும்லா," என்றார்.

மேலே வரிசையாக அணைக்கட்டுகளும் அவற்றுக்கு மேல் அணைகளும் இருக்கின்றன, மணல் அங்கேயே தங்கிவிடுகிறது, இங்கே கிடப்பது நூறு நூறு வருஷமாகச் சேர்ந்தது, அள்ளினால் நம் ஆயுளில் திரும்பாது என்று ஜெபராணி பொறுமையாக விளக்கினார். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, வெளிநாட்டில் படித்தவர்களுக்கு மணலைப் பார்த்தால்கூடப் பயம் வருகிறது என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். ஜெபராணி இளநீரைத் தொடாமல் ஜீப்பில் ஏறினார்.

அதன் பிறகு அவர் கடிதம் எழுத ஆரம்பித்தார். முதல் கடிதம் 1997 நவம்பரில். மொத்தம் ஒன்பது. ஒவ்வொன்றிலும் தேதி போட்டு, கிணற்றைச் சுற்றி எத்தனை அடி மணல் மிச்சமிருக்கிறது என்று எழுதினார். பதினான்கு, பதினொன்று, எட்டு. எங்கள் செயற்பொறியாளர் சிவசண்முகம் ஒவ்வொன்றையும் வாங்கி, ஓரத்தில் 'பார்த்தேன்' என்று எழுதி, கோப்பில் சேர்த்தார். ஓய்வு பெற அவருக்கு இரண்டு வருஷம் இருந்தது. கெட்ட மனிதர் என்று அதுவரை அவரை யாரும் சொன்னதில்லை. என்னையும் அப்படித்தான்.

1998 ஏப்ரலில் கிணறு ஆற்றுக்கு நடுவே பிடுங்கின பல்லைப் போல நெட்டுக்குத்தலாக நின்றது. சுற்றிலும் பள்ளம். பள்ளத்தில் பச்சைத் தண்ணீர், அதில் எருமை கிடந்தது. சில இடங்களில் குழாய்களே வெளியே தெரிந்தன. பம்பை நிறுத்தச் சொன்னார் ஜெபராணி. கோடை காலத்தில் பதினோரு ஊருக்குத் தண்ணீரை நிறுத்தினால் மறியல் நடக்கும், பிளீச்சிங் பவுடரைக் கூடுதலாகப் போட்டு ஓட்டுங்கள் என்று உத்தரவு வந்தது. அவர் தன் ஸ்கூட்டரிலேயே ஊர் ஊராகப் போய், காய்ச்சாமல் குடிக்காதீர்கள் என்று சொன்னார். எலீம்புரத்துக்கும் போய்ச் சொன்னார். ஆனால் அதற்குள் மூன்று வாரமாக எல்லோரும் அதைக் குடித்திருந்தார்கள்.

மே மாதம் மஞ்சள் காமாலை வந்தது. ஐந்து ஊர்களில் நாற்பத்துமூன்று பேர் படுத்தார்கள். பெரும்பாலானவர்கள் எழுந்துவிட்டார்கள். சாரம்மாளின் ஒரே மகள் கிரேனாப்பு எழவில்லை. இருபத்தொரு வயது, ஏழு மாதக் கர்ப்பிணி, தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தவள். கர்ப்பிணிகளுக்கு இந்தக் காமாலை வந்தால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியில் சேர்த்த நான்காம் நாள் போய்விட்டாள். பிள்ளையும் இல்லை.

அடக்கத்துக்கு அலுவலகத்திலிருந்து நான்கு பேர் போனோம். பெட்டியைத் தூக்குவதற்கு முன் சாரம்மாள் தங்கையைக் கூப்பிட்டார். அழுது ஓய்ந்த குரல், கத்தவில்லை. அதனால் எல்லோருக்கும் கேட்டது.

"ஏளா ராணி, நான் ஏழாங்கிளாசோட நின்னு கொடஞ் சொமந்தேன். எதுக்கு? நீ படிக்கணும், எம் மவ சொமக்கக் கூடாதுன்னுதான. அவ சொமக்கல. வாசலுக்கு வந்த தண்ணியக் குடிச்சிட்டே செத்துப் போனா. நீ என்னத்தப் படிச்சிட்டு வந்த?"

ஜெபராணி அக்காவின் எதிரே அப்படியே நின்றார். பாக்கியசீலன்தான் வந்து சின்ன மகளின் தோளைத் தொட்டு ஓரமாக அழைத்துக்கொண்டு போனார்.

செய்தி பத்திரிகைகளில் வந்தது. மறியல் நடந்தது. விசாரணைக்கு மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார் என்று கடிதம் வந்தது. விசாரணை என்றால் குற்றவாளி ஒருவர் வேண்டும் அல்லவா. ஆவுடைநாயகத்தின் பெயரை யாரும் எடுக்கத் தயாராக இல்லை. அனுமதி கொடுத்தவர்கள் தங்கள் பெயர் வெளியே வருவதை விரும்பவில்லை. ஒரு நாள் மத்தியானம் சிவசண்முகம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"என்னவே நாணு, கதவச் சாத்திட்டு வாரும்," என்றார்.

மேஜைமேல் ஏழாவது தாள் விரிந்து கிடந்தது. அவர் என் முகத்தைப் பார்க்காமல், தாளைப் பார்த்துக்கொண்டே பேசினார். மேலேயிருந்து சொல்கிறார்கள், தன் கையில் ஒன்றும் இல்லை என்றார். இந்தத் தாளைப் புதிதாக வரைய வேண்டும். பழைய தேதி, பழைய எண். ஆற்று மட்டத்தைக் கீழே இறக்கி, குழாய்க்கு மேல் ஆறடி மணல்தான் ஆரம்பத்திலிருந்தே இருந்ததாகக் காட்ட வேண்டும். அதாவது, ஜெபராணி குழாயை மேலாகப் பதித்துவிட்டார். ஹாலந்துக் கணக்கை நம் ஆற்றில் கொண்டுவந்து போட்டுவிட்டார். அவ்வளவுதான், மணல் அள்ளினதற்கும் காமாலைக்கும் சம்பந்தமில்லை.

"ஒரு பொம்பளைக்கு ஒரு மெமோ. அதோட முடிஞ்சிரும். வேலையெல்லாம் போவாதுவே," என்றார்.

நான் முடியாது என்று சொல்லவில்லை. காரணமாக எதையும் இப்போது சொல்லப்போவதில்லை. என் மகள் மஹாலக்ஷ்மியின் படிப்பு, தர்மபுரிக்கு மாற்றிவிடுவார்கள் என்ற பயம் என்று அப்போது எனக்கு நானே சிலவற்றைச் சொல்லிக்கொண்டேன். எல்லோரிடமும் அப்படிப்பட்ட காரணங்கள் இருக்கும். ஒரு முழு நாள் உட்கார்ந்து வரைந்தேன். பதினாறு அடி நான்கு அங்குலம் என்பது ஆறடி ஆனது. நகல் தாளில் கையெழுத்து இருக்காது. பெயரை எழுதி, பக்கத்தில் 'ஒப்பம்' என்று எழுதினால் போதும். 'ஒப்பம், ஜெபராணி' என்று நான்தான் எழுதினேன். செத்துப்போன பெண்ணின் சித்தி பெயரை, அவள் சாவுக்குக் காரணமாக, அழகான எழுத்தில் எழுதினேன். வரைவாளர்களுக்கு எழுத்து அழகாக இருக்கும்.

ஜூலையில் விசாரணை. அதிகாரி வயதானவர், கண்ணாடிக்கு மேல் பார்ப்பவர், அதிகம் பேசாதவர். தாள்களை ஒவ்வொன்றாக விரித்தார்கள். ஏழாவது தாள் வந்ததும் ஜெபராணி எழுந்து வந்து அதன்மேல் குனிந்தார். நான் சுவரோரம் நின்றிருந்தேன். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எழுத்து நாணு சாரோடது. அளவு என்னோடது இல்ல," என்றார்.

சிவசண்முகம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜெபராணி அதற்கு இடம் கொடுக்கவில்லை. காகிதத்தை வைத்துப் பேச வேண்டாம், ஆற்றுக்குப் போகலாம், பதினைந்து கிலோமீட்டர்தான் என்று அதிகாரியிடம் சொன்னார். எதற்கு என்றார் அதிகாரி. கிணற்றை அளப்பதற்கு என்றார் இவர். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எலீம்புரத்துப் பெண்கள் இருபது பேர் ஆற்றங்கரையில் நின்றிருந்தார்கள். விசாரணை நாள் தெரிந்து, அதிகாரி எப்படியும் கிணற்றைப் பார்க்க வருவார் என்று வேன் பிடித்து வந்திருக்கிறார்கள். சாரம்மாள் முன்னால் நின்றார். எங்கள் யாரோடும் பேசவில்லை. தங்கையோடும் பேசவில்லை.

ஜெபராணி சேலையைச் சொருகிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். முழங்கால் வரை சேறு. கிணற்றின் அடியில், வெளியே தெரிந்த குழாயின் மேல் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். கிணற்றுச் சுவரின் மேல்பகுதி வெள்ளையாக இருந்தது. நாங்கள் 1996-ல் அடித்த சுண்ணாம்பு. குறிப்பிட்ட ஓர் உயரத்தில், சுற்றி ஒரே மட்டமாக, கத்தியால் வெட்டியதுபோல அந்த வெள்ளை நின்றுவிட்டது. அதற்குக் கீழே சொரசொரப்பான கான்கிரீட், பலகை அச்சு, ஒட்டியிருந்த மணல்.

"சார், மணலுக்கு அடியில போய் யாரும் சுண்ணாம்பு அடிக்க மாட்டாங்க. வெள்ளை எங்க முடியுதோ அங்கதான் ஆறு இருந்தது," என்றார்.

பிறகு டேப்பின் ஒரு முனையைக் குழாயில் வைத்துப் பிடித்துக்கொண்டு, மறுமுனையைப் பின்னாலேயே இறங்கியிருந்த என்னிடம் நீட்டினார். "நாணு சார், ஏணில ஏறி அளங்க. அளந்து சத்தமா படிங்க."

பராமரிப்புக்காகச் சுவரில் பதித்த இரும்பு ஏணி. ஏறினேன். சுண்ணாம்பு முடிந்த இடத்தில் டேப்பை வைத்தேன். அளவு தப்பாமல் சுவரோடு அழுத்திப் பிடித்தேன். கீழே எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அதில் சாரம்மாளின் முகமும் இருந்தது. அந்த அம்மாவுக்கு நான் யார் என்று தெரியாது. எலீம்புரத்தில் குழாய் திறந்த நாளில் என்னைப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறார், அதுகூட நினைவிருக்குமோ என்னவோ.

"பதினாறு அடி நாலு அங்குலம்," என்று படித்தேன்.

நகல் எடுக்கும்போது பிழை நேர்ந்திருக்கிறது என்று சிவசண்முகம் உடனே சொன்னார். வரைவாளர் கவனக்குறைவு, நடவடிக்கை எடுக்கிறேன் என்றார். நான் ஏணியில் நின்றபடியே, பிழை இல்லை, மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன் என்றேன். யார் சொன்னது என்று அதிகாரி கேட்டார். அதையும் சொன்னேன். சொன்னது தைரியத்தினால் இல்லை. அந்த நேரத்தில் வேறொன்றைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

கிளம்பும்போது ஜீப் அருகில் ஜெபராணியிடம் போய் மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் காலில் இருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க இன்னைக்கு உண்மையச் சொன்னதுக்கு நான் நன்றி சொல்லணுமா, நாணு சார்? கிரேனாப்பு உங்க கையால சர்க்கரைப் பொங்கல் வாங்கித் தின்ன பிள்ள. குழாய் திறந்த அன்னைக்கு." குரல் உயரவே இல்லை. "மாத்தி எழுதுனீங்களே, அப்ப உங்களுக்கு யார் ஞாபகமும் வரலியா?"

அவர் ஜீப்பில் ஏறாமல், எலீம்புரத்துப் பெண்களோடு வேனில் போனார். சாரம்மாள் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டதைப் பார்த்தேன்.

இத்தனைக்குப் பிறகாவது நியாயம் கிடைத்திருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். மூன்று மாதம் கழித்து அறிக்கை வந்தது. இயற்கைக் காரணங்களாலும் பிறவற்றாலும் ஆற்றில் மணல் குறைந்ததாகச் சொன்னது. பிறவற்றால் என்ற அந்த ஒரு சொல்லுக்குள் இயந்திரங்கள், லாரிகள், அனுமதிகள் எல்லாம் அடங்கிவிட்டன. வடிவமைப்பில் தவறில்லை என்று ஒரு வரி. ஆனால் நிலைமையை உரிய நேரத்தில் மேலிடத்துக்கு அழுத்தமாகத் தெரிவிக்கத் தவறியதற்காக உதவிப் பொறியாளர் ஜெபராணிக்குக் கண்டனம். ஒன்பது கடிதம் எழுதியவருக்கு. சிவசண்முகத்துக்கு ஒன்றும் இல்லை, வேறு கோட்டத்துக்கு மாற்றினார்கள். எனக்கு ஆறு மாதத் தற்காலிகப் பணிநீக்கம். அது எனக்குத் தகும். ஆவுடைநாயகத்தின் பெயர் அறிக்கையில் ஓரிடத்திலும் இல்லை.

ஜெபராணியை ராமநாதபுரத்துக்கு மாற்றினார்கள். அவர் போவதற்கு முன், பதினோரு ஊரிலும் கையெழுத்து வாங்கி, தன் ஒன்பது கடிதங்களின் நகலையும் சேர்த்து மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போடவைத்தார். மனுதாரர் சாரம்மாள். அரசு ஊழியர் தன் பெயரில் போட முடியாது. என்னிடம் வக்கீல் மூலமாகச் பிரமாணப் பத்திரம் கேட்டு அனுப்பினார், நேரில் கேட்கவில்லை. எழுதிக் கொடுத்தேன், இரண்டு ஏழாம் தாள்களைப் பற்றியும் ஒன்று விடாமல்.

1999 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. கிணற்றைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் மணலைத் தொடக்கூடாது. குழாய்களை இன்னும் ஆழத்தில் புதிதாகப் பதிக்க வேண்டும். அதுவரை லாரித் தண்ணீர் கொடுக்க வேண்டும். இறந்தவர்களைப் பற்றி அந்தத் தீர்ப்பில் ஒரு பத்தி இருந்தது, வருத்தம் தெரிவித்து. புதுக் குழாய்க்கான கணக்குகளை ஜெபராணி ராமநாதபுரத்திலிருந்தே, யாரும் கேட்காமலே, போட்டு அனுப்பினார். அதை வைத்துத்தான் வேலை நடந்தது. அவர் பெயர் எதிலும் இல்லை.

டிசம்பரில் எலீம்புரத்தில் மறுபடியும் குழாய் திறப்பு விழா. ஜெபராணிக்கு அழைப்பு இல்லை. நான் வேலையில் திரும்பச் சேர்ந்திருந்தேன், நாற்காலி எண்ண என்னை அனுப்பியிருந்தார்கள். பந்தல் உபயம் என்று ஆவுடைநாயகத்தின் பெயர் கொட்டை எழுத்தில் தொங்கியது. மேடையிலும் இருந்தார். குழாயைத் திறந்துவைக்க அவரையே அழைத்தபோது, பந்தலுக்கு வெளியே வெயிலில் தரையில் உட்கார்ந்திருந்த சாரம்மாள் எழுந்தார். அவரோடு, அன்று ஆற்றுக்கு வந்திருந்த பெண்கள் இருபது பேரும் எழுந்தார்கள். எழுந்து குழாயைச் சுற்றி நின்றுகொண்டார்கள். யாரும் கூச்சல் போடவில்லை.

ஆவுடைநாயகம் மேடையிலிருந்து இறங்கி வந்து, வழிவிடச் சொல்லிச் சிரித்தபடியே கேட்டார்.

"அண்ணாச்சி, நீரு போட்ட பந்தலுக்குக் கீழ நாங்க இருக்கல்ல, வெயில்லதான் நிக்கோம்," என்றார் சாரம்மாள். "இந்தக் கொழாயில உம்ம கை படக்கூடாது."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். போலீஸ்காரர் இருவர் இருந்தார்கள், அவர்கள் தரையைப் பார்த்தார்கள். மேடையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஆவுடைநாயகம் காருக்குப் போனார். சாரம்மாள் குழாயைத் திறந்தார். வந்த தண்ணீரை ஒரு கண்ணாடிச் சீசாவில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். தெளிவாகத்தான் இருந்தது. அப்படியும் குடிக்கவில்லை. காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்று பெண்களிடம் சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

அன்று சாயங்காலம் பாளையங்கோட்டை டெலிபோன் பூத்திலிருந்து ராமநாதபுரத்துக்குப் பேசினேன். அந்த ஒன்றரை வருஷத்தில் அவரோடு நான் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. வைத்துவிடுவார் என்று பயந்தேன். வைக்கவில்லை. விழாவில் நடந்ததைச் சொன்னேன். அக்கா சொன்னதை இரண்டாம் தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். அழுகிறாரோ என்று நினைத்தேன்.

"லாரியெல்லாம் இப்ப எங்கன ஓடுது?" என்றார்.

கிழக்கே இரண்டு மைல் தள்ளி இறங்கியிருக்கிறார்கள், தீர்ப்பில் சொன்ன எல்லைக்கு வெளியே, புது அனுமதியோடு என்றேன்.

"அங்க எந்த ஊருக்கான கிணறு இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

"நாளைக்கு வேண்டாம். இப்பவே ஆபீசுக்குப் போய் மேப்பப் பாருங்க. நான் இங்கயே போன் பக்கத்துல இருக்கேன்," என்றார்.